செவியும் கணிதமும்: இலக்க ஒலிமாற்றிகள் இரண்டன் ஒப்பாய்வு

காரைதீவு ஈன்ற விபுலானந்த அடிகளாரின் யாழ் நூல் 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயும் விளங்கிய அப்பெரியார், விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். வழக்கொழிந்த யாழை மீட்டெடுக்கப் புகுந்தபோது அவர் புலவர் கூற்றை மட்டும் துணையாகக் கொண்டாரல்லர். செவியின்பத்தை மட்டும் சான்றாகக் கொண்டாருமல்லர். சுருதிகளின் விகிதங்களை எண்ணாற் கணித்து, அக்கணக்கைச் செவிக்கும் நூலுக்கும் இடையே நடுவனாக நிறுத்தினார். இசையை எண்ணால் ஆராய்வது இசைக்கு இழுக்கு என்று கருதுவார் இன்றும் உளர். அன்னார்க்கு அந்நூலே தக்க விடையாகும்.

அம்மரபை ஒட்டி, நம் இல்லங்களில் இசை கேட்கப் பயன்படும் சிறு கருவி ஒன்றைப் பற்றிய வழக்கை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். இறுவட்டிலும் கணினியிலும் எண்களாக உறங்கும் இசையை மின்னலையாக மாற்றி விரியலாக்கிக்கு வழங்குவது இலக்க-ஒப்புமை மாற்றி என்னும் கருவி. இதனை ஆர்வலர் 'டாக்' எனச் சுருக்கி வழங்குவர். இம்மாற்றிகளில் இரு நெறிகள் உள. எண்களுக்கு இடையே மேலும் எண்களைக் கணித்து இட்டு நிரப்பிய பின்னர் மாற்றுவது மிகைமாதிரி நெறி. வந்த எண்ணை வந்தவாறே மாற்றுவது மிகைமாதிரி எடுக்காத நெறி. இது 'நொஸ்' என்று அழைக்கப்படும். பின்னதே தூயது, இயற்கையானது, இசையின் உயிரைக் காப்பது என்று ஒரு சாரார் வலியுறுத்துகின்றனர். அக்கூற்று எத்துணை வாய்மையுடைத்து என்பதே நம் வினா.

முதற்கண் மாதிரி எடுத்தல் என்பது யாதெனக் காண்போம். திருக்கோவிற் பகுதியிலுள்ள சாகாமக் குளத்தை எண்ணிப் பார்க்க. ஒருவர் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு அளவுகோலை நோக்கி, நீர்மட்டத்தை ஏட்டிற் குறித்து வருகின்றார் என்று கொள்வோம். ஆண்டு முடிவில் அவ்வேட்டை மட்டும் கொண்டு, இடைப்பட்ட நேரங்களில் நீர் எவ்வளவு நின்றது என்று கூறவியலுமா? வியலும் என்பதே கணிதத்தின் விடை. ஆயினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் எதுவும் இரண்டு நாளுக்கு ஒரு முறையினும் விரைவாக நிகழ்ந்திருத்தல் ஆகாது. அந்நிபந்தனை காக்கப்படுமாயின், ஏட்டிலுள்ள புள்ளிகள் அனைத்தின் வழியாகவும் செல்லத்தக்க வளைகோடு ஒன்றே ஒன்றுதான் உண்டு. இடையிலுள்ளது ஊகமாக நில்லாது, உறுதியாகப் பெறப்படுவதாகின்றது.

நிபந்தனை மீறப்படின் விளைவது யாது? 25 மணி நேரத்துக்கு ஒரு முறை நீர் ஏறி இறங்குகின்றது என்க. 24 மணி நேரத்துக்கு ஒரு முறை குறிப்பவரின் ஏட்டில் அது 25 நாளுக்கு ஒரு முறை மெல்ல அசையும் அலையாகத் தோன்றும். இல்லாத அலை ஒன்று ஏட்டிற் பிறந்துவிட்டது. அதனை உண்மை அலையினின்று பிரித்தறிய ஏட்டைப் படிப்பவர்க்கு யாதொரு வழியும் இல்லை. ஆகவே விரைந்த அலைகளை மாதிரி எடுப்பதற்கு முன்னரே வடித்து நீக்கல் வேண்டும்.

இத்தேற்றத்தின் கணித வடிவை விட்டேக்கர் 1915ஆம் ஆண்டிலும், கொற்றெல்னிக்கொவ் 1933ஆம் ஆண்டிலும் தந்தனர். தந்தித் துறையில் நைக்குவிஸ்ற் 1928ஆம் ஆண்டில் இதற்கு அடிகோலினார். ஷனன் 1949ஆம் ஆண்டில் இதனைத் தொடர்பாடற் கொள்கையின் தூணாக நிறுத்தினார். மனிதச் செவி கேட்கும் மீடிறன் ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையே. ஆதலின் செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்பது இறுவட்டுக்கு விதியாயிற்று. ஒவ்வொரு மாதிரியும் 16 இருமவிலக்கங்களால், அஃதாவது 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படும்.

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம். நொஸ் மாற்றி ஓர் எண்ணைப் பெற்றதும் அதற்குரிய அழுத்தத்தை வெளியிட்டு, அடுத்த எண் வரும் வரை அதனையே பிடித்து வைக்கும். இது குளத்தேட்டைப் படிக்கும் ஒருவர், இன்று காலை கண்ட மட்டமே நாளை காலை வரை அசையாது நின்றது என்றும், பின்னர் ஒரு நொடியில் புதிய மட்டத்துக்குத் தாவியது என்றும் வரைவதை ஒக்கும். வரைந்த கோடு படிக்கட்டாக அமையும். மிகைமாதிரி மாற்றியோ, முன்னும் பின்னும் உள்ள பல நாட்களின் அளவுகளைக் கொண்டு இடைநேரத்து மட்டங்களைக் கணித்து, படிகளை மிகச் சிறியனவாக்கி, அதன்பின் எஞ்சியதை எளிய மின்வடியால் மழுப்புகின்றது.

இவ்விரு நெறிகளின் பிரிவு இறுவட்டுப் பிறந்த ஆண்டிலேயே தோன்றியது. 1982ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் யப்பானில் சொனி நிறுவனம் விற்பனைக்கு விடுத்த சி.டி.பி. 101 என்னும் கருவி, 16 இருமவிலக்க மாற்றி ஒன்றையே இடவொலிக்கும் வலவொலிக்கும் மாறி மாறிப் பயன்படுத்தியது. அதனால் இருபக்க ஒலிகளுக்கும் இடையே ஏறத்தாழ 11 மைக்குரோசெக்கன் வேறுபாடு நேர்ந்தது. மிகைமாதிரி இன்மையால், 20,000 ஹேர்ட்ஸ் வரை விட்டு அதற்கு மிக அணித்தே அடியோடு மறிக்கும் செங்குத்தான மின்வடிகளை அது சுமக்க வேண்டியிருந்தது. பிலிப்ஸ் நிறுவனத்தாரிடம் அப்போதிருந்தது 14 இருமவிலக்க மாற்றியே. குறைந்த கருவியைக் கொண்டு நிறைந்த பயன் பெற வேண்டிய நெருக்கடி அவர்க்கு ஏற்பட்டது. அவர்கள் மாதிரிகளை நான்கு மடங்காக்கிச் செக்கனுக்கு 176,400 என உயர்த்தினர். அதனால் எண்களைத் துண்டிப்பதால் விளையும் இரைச்சல் நான்கு மடங்கு அகன்ற பரப்பிற் சிதறி, செவிப்புலத்துள் 6 டெசிபெல் குறைந்தது. எஞ்சியதன் ஒரு பகுதியை மேன்மீடிறனுக்குத் தள்ளும் உத்தியும் சேர்ந்தது. அவ்விரண்டுமே 14 இருமவிலக்கக் கருவியை 16க்கு அணித்தாய நிலைக்கு உயர்த்தின. வறுமை கண்டுபிடித்த வழி வளத்தின் வழியை வென்றது என்னலாம். சில ஆண்டுகளுள் உலகம் பெரும்பாலும் பிலிப்ஸ் வழியையே பின்பற்றிற்று.

வென்ற வழியை எதிர்த்துக் குரல் எழுந்ததும் யப்பானிலேயே. றியோஹெய் குசுனோக்கி என்பார் 1990களின் பிற்பகுதியில் அந்நாட்டு வானொலி ஆர்வலர் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரைகள் நொஸ் நெறிக்கு வித்திட்டன. பழைய பிலிப்ஸ் மாற்றிச் சில்லுகளை எடுத்து, அவற்றின் முன்னிருந்த இலக்கவடியை நீக்கிவிட்டுக் கேட்கும் வழக்கம் ஐரோப்பாவுக்கும் பரவியது. அவர்தம் வாதங்களை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, இலக்கவடி ஒரு தட்டொலியின் முன்னும் பின்னும் சிற்றலைகளைச் சேர்க்கின்றது. ஒலிக்கு முன்னர் எதிரொலி வருவது இயற்கைக்கு மாறு. இரண்டாவது, மாதிரி வீதம் உயர உயரக் கடிகாரப் பிழை தாங்கும் அளவு அருகுகின்றது. மூன்றாவது, இடையிற் குறைவாகத் தொடுவதே இசைக்கு நன்று.

இவ்வாதங்களை ஆராயுமுன் நொஸ் மாற்றியின் ஒலியில் அளவிடத்தக்கன யாவை எனக் காண்போம். படிக்கட்டாகப் பிடித்து வைக்கும் செயல் தானே ஒரு வடியாகும். அதன் விளைவைக் கணித்தால் 5,000 ஹேர்ட்ஸில் 0.2 டெசிபெலும், 10,000 ஹேர்ட்ஸில் 0.75 டெசிபெலும், 15,000 ஹேர்ட்ஸில் 1.7 டெசிபெலும், 20,000 ஹேர்ட்ஸில் 3.2 டெசிபெலும் ஒலி குன்றுவதைக் காணலாம். நம் நாட்டு வடமோடிக் கூத்தில் மத்தளத்தோடு இணைந்தொலிக்கும் சல்லரியை நினைக்க. மத்தளத்தின் முழக்கம் ஊறின்றி நிற்கும். சல்லரியின் உச்சிக் கூர்மையோ சிறிது மழுங்கும். இரபான் தட்டும் விரலின் ஓசையிலும் இஃது ஒருசிறிது புலப்படலாம்.

அதனினும் பெரிது மற்றொன்று. படிக்கட்டின் விளிம்புகள் இசையில் இல்லாத புதிய அலைகளைப் பிறப்பிக்கின்றன. 1,000 ஹேர்ட்ஸ் ஒலிக்கு 43,100 ஹேர்ட்ஸில் ஒரு நிழல் தோன்றும். அது மூல ஒலியின் 43இல் ஒரு பங்கே ஆதலின் அஞ்சற்பாலதன்று. ஆனால் 20,000 ஹேர்ட்ஸ் ஒலிக்கு 24,100 ஹேர்ட்ஸில் தோன்றும் நிழலோ மூலத்தின் 83 விழுக்காட்டு வலிமை உடையது. 24,100 நம் செவிக்கு எட்டாதே எனின், செவிக்கு எட்டாததுதான்; விரியலாக்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் அது எட்டும். அவை முற்றிலும் நேரியல்பு உடையன அல்ல. இவ்விரு அலைகளும் அவற்றுட் கலக்கும்போது வேறுபாட்டு அலையான 4,100 ஹேர்ட்ஸ் பிறக்கக்கூடும். அது செவி மிகக் கூர்ந்து கேட்கும் இடம். பாடகரும் பாடாத, கருவியும் இசைக்காத ஓர் ஒலி அது. தூய்மையை நாடித் துடைத்த இடத்திலேயே புதிய மாசு படிகின்றது என்பதை நோக்குக.

இனி வாதங்களுக்கு வருவோம். முன்னலை பற்றிய முதல் வாதத்துக்குக் காட்டும் சான்று, ஒரே ஒரு மாதிரி மட்டும் உயர்ந்து மற்றவை யாவும் சுழியாக நிற்கும் தட்டலை. முறைப்படி வடித்துப் பதிந்த எந்த இசையிலும் அத்தகைய அலை வருவதில்லை. வடிக்கட்டின் எல்லையை மீறிய அதனைக் காட்டி வடியைக் குறை கூறுதல், குளத்தேட்டில் ஒருநாள் மட்டும் தவறாக எழுதப்பட்ட எண்ணைக் காட்டி ஏட்டு முறையையே பழிப்பதை ஒக்கும். மேலும் அச்சிற்றலைகள் 22,050 ஹேர்ட்ஸை அண்டியே அதிர்வன. வளர்ந்தோர் செவிக்கு அவை அப்பாலன. இவ்வாதத்தில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் மறைத்தல் ஆகாது. அறிஞர் பீற்றர் கிறேவன் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைக் கருத்தாக எடுத்துக்கொண்டு, முன்னலை இன்றியும் எல்லைக்கு முன்னரே மெல்லத் தணிந்தும் செல்லும் வடிகளுக்கு வழி கூறிற்று. ஆகவே வடியின் குறைக்கு மருந்து நல்ல வடியே. வடியை நீக்குதல் அன்று.

இரண்டாம் வாதம் எண்ணை ஆயுதமாகக் கொண்டு வருதலின் எண்ணாலேயே அளக்கத்தக்கது. ஒரு மாதிரியின் காலம் 22.7 மைக்குரோசெக்கன். அதனை 65,536 ஆற் பிரித்துப் பாதியாக்கினால் ஏறத்தாழ 173 பிக்கோசெக்கன் வரும். பிக்கோசெக்கன் என்பது ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. எட்டு மடங்கு மிகைமாதிரியும் 20 இருமவிலக்கமும் கொள்ளின் அவ்வெல்லை 1.35 பிக்கோசெக்கனாகச் சுருங்கும். இத்துணை நுண்மை எந்தக் கடிகாரத்துக்கும் அரிது, ஆகவே மிகைமாதிரி வீண் என்பது அவ்வாதம். இரண்டு எண்களின் விகிதம் 128. இந்த 128 எங்ஙனம் வந்தது? 16ஐ 8ஆற் பெருக்கி வந்தது. 16 மடங்கு, 16 இருமவிலக்கத்துக்குப் பதிலாக 20 இருமவிலக்கத் துல்லியத்தைக் கோரியதால் நேர்ந்தது. ஒருவனை முழக்கோலாலும் மற்றவனை விரற்கிடையாலும் அளந்துவிட்டு, பின்னவன் தவறினான் என்று தீர்ப்பளித்தல் முறையாகாது. எஞ்சிய 8 மடங்கோ, வீதம் எட்டு மடங்காகும்போது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள உயர வேறுபாடும் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறைகின்றது என்பதை மறந்ததால் நேர்ந்தது. படி சிறிதாயின் அது சற்று முந்தியோ பிந்தியோ விழுவதால் வரும் பிழையும் சிறிதே. கணக்குப் பிழையன்று, கணக்கின் முன்னே வைத்த எடுகோள் பிழை. ஒற்றை இருமவிலக்கத்தையே மிகு விரைவில் புரட்டும் ஆதி மாற்றிகளில் படிகள் எப்போதும் பெரியன ஆதலின், அவற்றின்மட்டில் இவ்வச்சம் பொருந்தும் என்பதையும் கூறிவிடல் நேர்மை.

மூன்றாம் வாதம் கணிதத்தைச் சாராது, மனத்தைச் சார்ந்தது; ஆதலினாலேயே வலியது. குறைவாகத் தொடுதல் நன்று என்பது சமையலுக்கும் மருத்துவத்துக்கும் பொருந்துவதுபோல் இதற்கும் பொருந்தும் எனத் தோன்றுகின்றது. ஆனால் தொடாமல் விடுதல் என்பது ஈண்டு இயலாத ஒன்று. எண்கள் புள்ளிகளே, புள்ளியைக் கேட்க ஒல்லாது, எவ்வாறேனும் இணைத்தே கேட்டல் வேண்டும். நேர்கோட்டுப் படியால் இணைப்பதும் ஓர் இணைப்பே. தலையிடாமை என்று அதற்குப் பெயரிடுவதால் அது தலையீடு ஆகாமற் போகாது.

மறுபுறத்துக் குறைகளையும் சொல்லாக்கால் இவ்வாய்வு ஒருதலைப்பட்சமாகும். மிகைமாதிரிக் கருவிகள் பலவற்றில் மலிவு கருதி அமைக்கப்படும் வடிகள் சரியான எல்லையில், அஃதாவது 22,050 ஹேர்ட்ஸில், 6 டெசிபெல் மட்டுமே தணிப்பன. தேற்றத்தின் பெயரால் விற்கப்படும் கருவி தேற்றத்தையே முழுதும் காப்பதில்லை. இன்னொன்று, இரு மாதிரிகளுக்கு இடையே உண்மை அலை அவ்விரண்டினும் உயர எழுதல் கூடும். உச்ச அளவுக்குப் பதிந்த ஒலியில் அவ்வெழுச்சி 3 டெசிபெல் வரையும் செல்லக்கூடும். அதற்கு இடம் விட்டு வைக்காத மிகைமாதிரி மாற்றியில் அம்முகடு வெட்டுண்டு இரையும். நொஸ் மாற்றிக்கோ இவ்விடர் இல்லை. அண்மைக் காலத்தில் மிக உரத்துப் பதியப்படும் திரைப்பாடல்களைக் கேட்போர் சிலர் நொஸ் ஒலி இதமானது என்று கூறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆயினும் மாற்றிக்கு அனுப்புமுன் கணினியிலேயே ஒலியளவை 3 டெசிபெல் குறைத்துவிடின் இக்குறை தீரும்.

அவ்வாறாயின் நொஸ் மாற்றியை விரும்பிக் கேட்போர் ஏமாந்தவரோ எனின், அல்லர். கல்லடிப் பாலத்தருகே நிலவிரவில் ஓடத்தில் அமர்ந்து துடுப்பின் தண்டிற் செவி வைத்தவர்க்கு வாவியின் ஓசை கேட்கின்றது. அதனைப் பாடுவது மீன் என்பாரும் ஊரி என்பாரும் உளர். ஓசை உண்டு என்பதற்குச் செவி சான்று. ஓசையின் காரணம் இன்னது என்பதற்குச் செவி சான்றாகாது. நொஸ் ஒலி இனிதாயிருந்தது என்று ஒருவர் கூறின் அதனை மறுக்க நமக்கு உரிமையில்லை. வடி இன்மையாலேயே இனித்தது என்று கூறின், அங்கே ஆராய்ச்சி தொடங்குகின்றது. மேற்குரல் சற்றுத் தணிந்தமையால் இனித்ததோ? கருவியின் ஒலியளவு சிறிது கூடியதால் இனித்ததோ? விலை மிகக் கொடுத்ததால் இனித்ததோ? இவற்றைப் பிரித்தறியும் முறை புதிதன்று. இரு கருவிகளின் ஒலியளவையும் மானியால் அளந்து சமமாக்கி, எது ஒலிக்கின்றது என்பதைக் கேட்பவரும் மாற்றுபவரும் அறியாதவாறு மறைத்துக் கேட்டல் வேண்டும். மறைத்துக் கேட்கும் கருவியின் அமைப்பை டேவிட் கிளார்க் 1982ஆம் ஆண்டிலேயே விளக்கியுள்ளார். 20,000 ஹேர்ட்ஸில் 3 டெசிபெல் குறைவதை இளைஞர் சிலர் உணரக்கூடும்; நடுவயது கடந்தோர் பலர்க்கு 15,000க்கு மேல் யாதும் கேளாது. கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் மாணவர் இச்சோதனையை ஒரு மாலைப் பொழுதில் நடத்தலாம்.

இவ்வளவு ஆராய்வதன் பயன் யாது, ஒருவர் தம் வீட்டில் தமக்கு இனித்ததைக் கேட்கட்டுமே எனின், அது முற்றிலும் உண்மை. ஆனால் அவ்வுரிமைக்கு ஓர் எல்லை உண்டு. ஒலியை மீட்பதில் நேரும் பிழை அன்றிரவோடு அழியும். மறுநாள் வேறொரு மாற்றியிற் கேட்டால் இசை குறையின்றி நிற்கும். ஒலியைப் பதிவதில் நேரும் பிழையோ என்றும் அழியாது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது கல்முனை, மருதமுனை, காரைதீவு, திருக்கோவில் முதலிய ஊர்களில் வீடுகளோடு வீட்டுப் பொருள்களும் கடலிற் கலந்தன. எஞ்சிய ஒலிநாடாக்கள் சில இன்னும் பெட்டிகளில் உறங்கக்கூடும்: முதிய அண்ணாவியாரின் கூத்துப் பாட்டு, அக்கரைப்பற்று முஸ்லிம் மூதாட்டியரின் கவி, ஆலய விழாவின் மேளம். அவற்றை எண்களாக மாற்றப் புகுவோர், "வடி ஒன்றும் வேண்டா, குறைவாகத் தொடுவோம்" என்னும் கொள்கையை அங்கேயும் கொண்டுவிடின், இல்லாத அலை ஏட்டிற் பிறந்ததுபோல் பொய்யொலி புகுந்து உண்மையொலியோடு பிரிக்கவொண்ணாது கலந்துவிடும். நாடா மக்கியபின் திருத்துவாரும் இலர்.

ஆதலின் நம் முடிபு இது. பதிவிடத்தில் வடி கட்டாயம். அங்கே விருப்புக்கு இடமில்லை. மீட்பிடத்தில் மிகைமாதிரி நெறியே மூலத்துக்கு அணித்தாயது; அதனைச் செம்மையாய் அமைத்த கருவி இன்று பெருவிலை கொடாமலும் கிடைக்கின்றது. நொஸ் நெறி ஒரு சுவை. சுவை என்ற பெயரோடு அதனைப் போற்றுவதில் தவறில்லை. வாய்மை என்ற பெயரை அதற்குச் சூட்டுவதே தவறு. கேட்டு மகிழ்வதும் கணித்துத் தெளிவதும் பகையல்ல என்பதை யாழ் நூலாசிரியர் தம் வாழ்வாலேயே காட்டிச் சென்றார். அவர் பிறந்த கரையில் வாழும் மாணவர், செவியையும் கணக்கையும் ஒருங்கே கூர்மையாக்கிக் கொள்வாராக.